மயிலைப் பசுவும் பசும்புல் டவர்ஸும்

ஒரு காட்டில் ஒரு புல்வெளி இருந்தது. இப்போது இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதுதான் கதை.

அந்தப் புல்வெளியில் மயிலை என்றொரு பசு, துள்ளி என்ற தன் கன்றோடு மேய்ந்துவந்தாள். (மாட்டை அவள் என்பதும் மற்றவர்களை அது என்பதும் இந்தக் கதையின் வழக்கம். நரிக்கு ஆட்சேபம் இருந்தால் வழக்குப் போடட்டும்.) வெயில் காலம் முழுக்க மயிலைக்கு ஒரு குறையும் இல்லை. மழைக்காலம்தான் வில்லங்கம். ஒண்டுவதற்கு ஒரு கூரை கிடையாது. போன மழையில் துள்ளிக்குச் சளி பிடித்து, இளைப்பு வாங்கி, பிழைக்குமா பிழைக்காதா என்றாகிவிட்டது. மயிலை தன் உடம்பையே கூரையாக்கி அதன்மேல் கவிந்து நின்றாள். குட்டியின் நெஞ்சுக்குள் கிர்கிர் என்று கேட்ட அந்தச் சத்தம் அவள் காதைவிட்டுப் போகவே இல்லை. அடுத்த மழைக்குள் நாலு சுவரும் ஒரு கூரையும் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அந்தச் சமயம் பார்த்து நம்பிராஜன் என்கிற நரி வந்து சேர்ந்தது. கட்டுமானத் தொழில். கழுத்தில் தடித்த சங்கிலி, காதைவிட்டு இறங்காத போன்.

"மயிலம்மா, இந்த இடத்துல நாப்பது மாடி வரப்போவுது" என்றது நரி.

"இது நாங்க மேயற இடமாச்சுங்களே."

"மேஞ்சு என்னத்தைக் கண்டீங்க? கொஞ்சம் வழி விடுங்க, போதும். கீழ்த்தளத்துல கிழக்குப் பார்த்த வீடு ஒண்ணு உங்களுக்கு. கன்னுக்குட்டிக்குத் தனி ரூம்."

"மழைக்குள்ள கிடைச்சிடுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க?" என்ற நரி, துள்ளியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தது. தன்னுடைய தலையும் பக்கத்தில்தான் இருந்தது. அதை ஏன் தொடவில்லை என்று மயிலை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூரை என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவளுக்கு வேறெதுவும் விழவில்லை.

கட்டடத்துக்கு வரைபடம் போட்டது தூக்கணாங்குருவி. காட்டில் வீடு கட்டுவதென்றால் அதை மிஞ்ச ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது போட்ட வரைபடமும் கண்ணைப் பறித்தது. நாற்பது மாடியும் காற்றில் தொங்குவதைப் போல அப்படியொரு நளினம். நரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"படி எங்கே?" என்று கேட்டது.

"படின்னா?" என்றது குருவி.

"மேல ஏறிப் போறதுக்கு."

"ஏறுவானேன்? பறந்து வந்துட மாட்டாங்களா?"

"யானை புக் பண்ணியிருக்குய்யா!"

குருவி சற்று யோசித்தது. "யானை பறக்காதா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டது.

யானை தன் முன்பதிவை ரத்து செய்தது. அந்த ஆண்டின் சிறந்த வடிவமைப்புக்கான விருது குருவிக்குக் கிடைத்தது. படிக்கட்டு இரண்டாம் கட்டத்தில் வரும் என்று நரி எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, காற்று வருவதற்காக விட்டிருந்த சந்தில் ஒரு லிஃப்டை இறக்கினார்கள். நீளம் இருந்தது, அகலம் இல்லை. உள்ளே போன பிராணி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போனதோ, அந்தப் பக்கம் பார்த்தபடியேதான் வந்து சேர வேண்டும்.

வாஸ்து பார்க்கப் பல்லி வந்தது. பல்லிக்குச் சுவர்தான் தரை, கூரைதான் திண்டு. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அது "இது ஈசான்யம்" என்று வாலைக் காட்டும். காட்டிய பக்கம் பார்த்தால் ஒருநாள் ஆகாயம் இருக்கும், ஒருநாள் யாருடைய மூக்காவது இருக்கும். இருந்தாலும் பல்லி சொல்லுக்குப் பலன் உண்டு என்று பெயராகிவிட்டதே! அது 'ச்சு' என்றால் சமையலறை இடம் மாறும். இரண்டு தடவை 'ச்சு' என்றால் நீச்சல் குளம் மொட்டைமாடிக்கு ஏறும். குருவி தன் வரைபடத்தைப் பார்த்து அழுதது. நரி கவலைப்படவில்லை. நரி இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று ஊர் சொல்லும். இந்த நரி இடமும் போயிற்று, வலமும் போயிற்று, பிடுங்கவும் பிடுங்கியது.

அஸ்திவாரம் தோண்டிய அன்றே புல்வெளி போய்விட்டது. மறுவாரம் வழவழப்பான விளம்பரப் புத்தகம் வெளிவந்தது. முதல் பக்கத்தில் மயிலையும் துள்ளியும் முழங்கால் உயரப் புல்லில் மேய்கிற படம். கீழே பெரிய எழுத்தில், 'ஜன்னலைத் திறந்தால் பசுமை! பசும்புல் டவர்ஸ்.' அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வீடு வாங்கினார்கள். மயிலை அந்தப் புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். புல் வாசனை வரவில்லை. ஆனாலும் தன் படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று தோன்றியது.

கட்டடம் வளர்ந்தது. தாயும் கன்றும் ஒதுங்க இடமில்லாமல் சிமெண்ட் மூட்டைகளுக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயின் ஓரத்தில் நின்றார்கள். புல்லுக்கு அடுத்த குன்றுவரை நடந்தார்கள். எல்லாம் முடிந்து வண்ணமும் அடித்த பிறகு மயிலை சாவி கேட்டுப் போனாள்.

"கீழ்த்தளமா?" என்று நரி தலையைச் சொறிந்தது. "அது இப்ப பார்க்கிங் ஆயிடுச்சேம்மா. வண்டி நிறுத்தவே பத்தலை."

"அப்ப என் வீடு?"

"எங்கே போயிடப்போவுது? முதல்ல எல்லா வீட்டுக்கும் கிரகப்பிரவேசம் முடியட்டும். நீங்க இல்லாம அது நடக்குமா, சொல்லுங்க? நீங்கதானே லட்சுமி!"

பல்லியும் அதையே சொன்னது. புது வீட்டில் முதல் காலடி பசுவும் கன்றுமாக விழ வேண்டும். அதற்கு முன் யார் நுழைந்தாலும் பால் பொங்காது. இப்படியாக, வீடு கேட்கப் போன மயிலை, எல்லோரையும் வீடுகளில் குடிவைக்கிற வேலையோடு திரும்பினாள்.

முதல் கிரகப்பிரவேசம் புலி வீட்டில். மயிலை சாதாரணமாகத் தலையை முன்னே நீட்டி லிஃப்டில் நுழைந்தாள். மேலே கதவு திறந்ததும் அவளுடைய பின்பக்கம்தான் முதலில் வெளியே வந்தது. மேளம் நின்றது. கூரையில் இருந்த பல்லி பதறிப் போய்ப் புலியின் தலைமேலேயே விழுந்தது. "லட்சுமி புறமுதுகு காட்டிட்டா! திருப்பு, திருப்பு!" என்று கத்தியது. சந்தில் திருப்ப முடியாதே. மறுபடி கீழே இறக்கி, வெளியே இழுத்து, நெஞ்சைத் தள்ளிப் பின்னோக்கி நடக்கவைத்து ஏற்றினார்கள். அன்று முதல் மயிலைக்கு அது பழகிவிட்டது. வாலை மடக்கிக்கொண்டு, கன்றை வயிற்றோரம் அணைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து லிஃப்டில் ஏறுவாள். அப்போதுதான் மேலே முகம் முதலில் போய்ச் சேரும். இறங்கும்போது எந்தப் பக்கம் முதலில் வந்தாலும் யாரும் கேட்கவில்லை.

புலி வீட்டில் நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. நெற்றியில் மஞ்சள், குங்குமம். கழுத்தில் ரோஜா மாலை. தின்னக் கட்டுக்கட்டாக அகத்திக்கீரை. வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனதும் புலி குடும்பத்தோடு காலில் விழுந்தது. பிறகு எல்லோரும் அவளுடைய பின்பக்கம் போய்க் கைகட்டிக் காத்து நின்றார்கள்.

"தாயே, பளிங்குத் தரையாச்சேன்னு பார்க்காதீங்க" என்று புலி கெஞ்சியது. "மனசு வச்சு ஒரு சொட்டு..."

மயிலை மனசு வைத்தாள். அதைப் புலி உள்ளங்கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டது. கூடவே கொஞ்சம் சாணமும் விழுந்தபோது புலியின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் சாணத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மயிலைக்கு ஆயுசில் இத்தனை மரியாதை கிடைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் அது அவளுக்குப் பிடித்திருந்தது. நம்மை இப்படிக் கும்பிடுகிறவர்கள் நம்மைத் தெருவில் விடுவார்களா என்று நினைத்துக்கொண்டாள்.

இலை போடுகிற நேரம் வந்ததும் அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். அவள் பார்க்கிங்கில் போய்ப் படுத்தாள். காவல்நாய் வந்து எழுப்பியது.

"இது புலி ஐயாவோட ஸ்லாட்டு. எழுந்திரு."

"அவங்க வீட்டு விசேஷத்துக்குத்தான்பா வந்தேன்."

"விசேஷம் முடிஞ்சிடுச்சில்ல?" என்றது நாய். அதன் கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படி மாடி மாடியாக மயிலை எல்லா வீட்டிலும் வலது காலை வைத்தாள். ஒவ்வொரு நாளும் சாவி கேட்டாள். ஒவ்வொரு நாளும் நரி, "இன்னும் ரெண்டு வீடுதாம்மா" என்றது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. துள்ளி ஒருநாள் தும்மியது. அன்றைக்கு மயிலைக்கு அகத்திக்கீரை இறங்கவில்லை.

கடைசியாகச் சிங்கத்தின் வீடு. மேல்தளம் முழுக்க அதனுடையது. காட்டிலுள்ள பெரிய தலைகள் அத்தனையும் வந்திருந்தன. அடுப்பில் பால் தயாராக இருந்தது. லிஃப்ட் திறந்தது. மயிலையின் முகம் முதலில் வந்தது. ஆனால் அவள் வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"காலை வைங்கம்மா" என்றது நரி.

"சாவியை வைங்க" என்றாள் மயிலை.

"விளையாடாதீங்க. நல்ல நேரம் போயிட்டிருக்கு."

"எனக்கும் அதேதாங்க போயிட்டிருக்கு."

பல்லி ச்சு ச்சு என்று நேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. சிங்கம் பிடரியைச் சிலிர்த்தது. வழக்கமான நாளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நெற்றியில் குங்குமம் வைத்த பசுவை நல்ல நேரத்தில் அடித்துத் தின்றால் அந்த வீட்டை மறுபடி விற்கவும் முடியாது என்று பல்லி காதில் சொன்னதால், சிங்கம் நரியைத்தான் பார்த்தது. அந்தப் பார்வையில் நரிக்கு வியர்த்துக் கொட்டியது. இடுப்பில் கிடந்த சாவிக்கொத்தில் தேடி ஒன்றைக் கழற்றி நீட்டியது. அது புலி வீட்டுக்கு நேர் மேலே இருந்த வீடு. பல்லி சரியில்லை என்று சொல்லி விலைபோகாமல் கிடந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று மாட்டுக்கே யாராவது சொல்லித் தர வேண்டுமா? மயிலை வாங்கிக்கொண்டு வலது காலை வைத்தாள். சிங்கத்தின் வீட்டில் பால் பொங்கியது.

அப்படியே இறங்கித் தன் வீட்டுக்குள் போய்விடலாம் என்றுதான் மயிலை நினைத்தாள். பல்லி வழியை மறித்தது.

"பிரவேசம் பண்ணாம எப்படிப் போவீங்க? பசு வேணுமே."

"நான் பசுதானே?"

"நீங்க இப்ப ஓனரம்மா. தன் வீட்டுக்குத் தானே பசுவா வர முடியாது. சாஸ்திரத்துல இடமில்லை."

அதனால் அடுத்த காட்டிலிருந்து செவலை என்றொரு பசுவைக் கன்றோடு அழைத்துவந்தார்கள். மயிலையே அவளுக்குக் குங்குமம் வைத்தாள், மாலை போட்டாள், எல்லோரையும் போலப் பின்பக்கம் போய்க் காத்து நின்றாள். செவலையும் மனசு வைத்தாள். எல்லாம் முடிந்ததும் செவலை வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சரி, நீ கிளம்பும்மா" என்றாள் மயிலை. "தரையைத் துடைக்கணும்."

அன்றே மழை பிடித்துக்கொண்டது. அடை மழை. மயிலை ஜன்னலருகே நின்று, கீழே தான் நனைந்து நின்ற இடத்தையெல்லாம் பார்த்தாள். துள்ளி அந்த மழைக்காலம் முழுக்க ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மயிலைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மழை இரைச்சலில் கன்று நிம்மதியாக மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே அசைபோடுவாள். அதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

மழை ஓய்ந்ததும் புலி மேலே வந்து கதவைத் தட்டியது.

"உங்க குளம்புச் சத்தம் டக்கு டக்குன்னு மண்டையில இறங்குது. லிஃப்டுல சாணி நாத்தம் வேற. இது குடியிருப்பா, கொட்டகையா?"

"புலியண்ணே, உங்க ஹால்ல விழுந்தப்ப கையில ஏந்துனீங்களே" என்றாள் மயிலை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அது வேற. அன்னைக்கு நீங்க லட்சுமி. இன்னைக்கு மேல் வீட்டுக்காரி."

விஷயம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனது. மொட்டைமாடி நீச்சல் குளத்தின் கரையில் கூட்டம். சிங்கம் தலைமை தாங்கியது. பசும்புல் டவர்ஸில் ஆடுமாடுகள் தங்கக்கூடாது, சுப காரியங்களுக்கு மட்டும் வந்து போகலாம் என்று புலி தீர்மானம் கொண்டுவந்தது. மயிலை சுற்றிலும் பார்த்தாள். அங்கே இருந்த ஒவ்வொரு முகமும் ஒருநாள் அவள் காலில் கிடந்த முகம்தான். அவமானத்தில் அவளுக்குக் காது சூடேறியது.

"அடுத்த மழைக்கு என் கன்னை எங்கே கூட்டிட்டுப் போவேன்?" என்று கேட்டாள்.

எல்லோரும் நீச்சல் குளத்தைப் பார்த்தார்கள். அப்போது நரி எழுந்தது. நரிக்குச் சண்டை பிடிக்காது. சண்டை போடுகிற கட்டடத்தில் விலை இறங்கிவிடும்.

"எதுக்கு மனஸ்தாபம்? மயிலம்மாவையே சங்கச் செயலாளர் ஆக்கிடுவோம். செயலாளர் மாட்டுக் கணக்குல வரமாட்டாங்க. தடைத் தீர்மானத்துல அவங்களே கால் பதிக்கட்டும். மாடே மாட்டுக்குத் தடை போட்டா நாளைக்கு நம்மளை யாரு குறை சொல்ல முடியும்?"

கூட்டம் கைதட்டியது. "குளம்புக்கு ஒரு கம்பளம் விரிச்சுக்கட்டும்" என்று புலியும் இறங்கிவந்தது. மயிலை தூரத்தில் மேகத்தைத் தேடினாள். வானம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் அவள் காதில் கிர்கிர் என்ற அந்தப் பழைய சத்தம் கேட்டது. மசியில் குளம்பைத் தோய்த்துத் தீர்மானத்தில் பதித்தாள். மறுநாள் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் பலகை ஏறியது. 'ஆடுமாடுகள் இங்கே தங்கக்கூடாது. சுப காரியத்துக்கு வருபவை காரியம் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இப்படிக்கு, மயிலை, செயலாளர்.' தன் பெயரை அழகான எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மயிலைக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தது. அதுவரை விலைபோகாமல் கிடந்த எதிர் வீட்டைக் கரடி வாங்கியிருந்தது. கிரகப்பிரவேசத்தன்று மயிலை தன் வாசலில் நின்று பார்த்தாள். லிஃப்ட் திறந்தது. செவலையின் பின்பக்கம் முதலில் வந்தது. பல்லி அலறியது.

"கீழ போயிட்டுப் பின்னாலயே நடந்து ஏறு" என்று மயிலை மெல்லச் சொல்லிக் கொடுத்தாள். "அப்பத்தான் முகம் முதல்ல வரும்." செவலை அப்படியே செய்தாள். கரடி குடும்பத்தோடு காலில் விழுந்தது.

பூஜை முடிந்து இலை போட்டார்கள். வெளியே மழை சாத்து சாத்தென்று சாத்தியது. செவலை கீழே இறங்காமல் மயிலையின் வாசலுக்கு வந்து நின்றாள். கழுத்தில் மாலை இன்னும் இருந்தது. அவளுடைய கன்று தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

"அக்கா, மழை விடற வரைக்கும் இதை மட்டும் உள்ள விடுங்க. நான் கீழயே நின்னுக்கறேன். ரெண்டு நாளா இளைப்பு வாங்குது."

கன்றின் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மயிலைக்கு அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் ஒரு காலை முன்னே எடுத்து வைத்தாள். கரடி வீட்டு விருந்துக்கு வந்திருந்த புலி, கைகழுவிவிட்டு நடையில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பலகை. பலகையில் அவள் பெயர்.

மயிலை காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"நம்பிராஜன் உனக்கு வீடு ஏதும் சொல்லியிருக்காரா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா!" செவலையின் முகம் மலர்ந்தது. "எங்க புல்வெளியில இரண்டாம் கட்டம் வருதாம். கீழ்த்தளத்துல கிழக்குப் பார்த்த வீடு. கன்னு தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணியிருக்காரு."

"அப்ப கவலையை விடு. நம்பி இரு" என்றாள் மயிலை.

செவலை கன்றை வயிற்றோரம் அணைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். இறங்குகிற பயணம்தான் என்றாலும், கற்றுக்கொடுத்தபடி பின்னாலேயே நடந்து ஏறினாள். அதனால் கதவு மூடுகிறவரை அவள் முகம் மயிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் இறங்க இறங்க அந்தக் கிர்கிர் சத்தமும் மாடி மாடியாக இறங்கியது. மயிலை கதவைச் சாத்தினாள்.

கம்பளத்தில் படுத்திருந்த துள்ளி தலையைத் தூக்கியது. "யாரும்மா வந்தது?"

"மாடு" என்றாள் மயிலை.

நீதி: பிறர் வீட்டில் வலது காலை மட்டும் வைப்பவள் லட்சுமி, நாலு காலையும் வைத்தால் மாடு. இரண்டும் வேண்டாம் என்பவர்கள் சங்கத்தில் பதவி கேட்டு வாங்கிக்கொள்ளவும்.